சாதாரண கேமராவில் நிலவும் கோள்களும்: புதிதாகத் தொடங்குபவருக்கு

பௌர்ணமி நிலவைப் பார்த்ததும் கைபேசியை உயர்த்தி ஒரு படம் எடுத்துப் பார்க்காதவர்கள் குறைவு. திரையில் விழுவதோ விவரம் ஏதும் இல்லாத ஒரு வெள்ளைப் பொட்டு. இதற்கெல்லாம் பெரிய டெலிஸ்கோப் வேண்டும் போலிருக்கிறது என்று அத்தோடு விட்டுவிடுகிறோம். அந்தப் பொட்டுக்குக் காரணம் இரண்டே இரண்டு: நிலவு மிகச் சிறியது, அதோடு மிகப் பிரகாசமானது. முதலாவதைச் சரிசெய்யத்தான் நீளமான லென்ஸ் வேண்டும். இரண்டாவதைக் கையில் இருக்கிற கேமராவிலேயே, இன்றைக்கு ராத்திரியே சரிசெய்துவிடலாம்.

கோள்களின் கதை வேறு. சாதாரண கேமராவில் எது கிடைக்கும், எது கிடைக்கவே கிடைக்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் பாதி குறையும். அதைப் பின்னால் பார்க்கலாம். முதலில் நிலவு.

அளவுக் கணக்கு

வானத்தில் நிலவின் அகலம் அரை டிகிரிதான். கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் முழு நிலவும் அதன் பின்னால் மறைந்துவிடும். உதிக்கும்போது அவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே என்றால், அது மூளை செய்கிற வேலை. அடிவானத்தில் இருந்தாலும் தலைக்கு மேல் இருந்தாலும் கேமராவுக்கு அது அரை டிகிரிதான்.

ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. லென்ஸின் குவியத் தூரத்தை (அதன்மேல் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும் எண்) 110ஆல் வகுத்தால், சென்சாரில் நிலவு எத்தனை மில்லிமீட்டர் அகலத்தில் விழும் என்று கிடைத்துவிடும். கேமராவோடு வரும் 55 மி.மீ. லென்ஸில் அரை மில்லிமீட்டர். 200 மி.மீ. லென்ஸில் 1.8 மி.மீ. 300 மி.மீ. லென்ஸில் 2.7 மி.மீ. இன்றைய கேமராக்களில் பலவற்றின் பிக்சல் 4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வாக்கில் இருப்பதால், 300 மி.மீ. லென்ஸ் தரும் நிலவின் குறுக்களவு ஏறத்தாழ 680 பிக்சல். சுற்றியுள்ள கறுப்பை வெட்டி எறிந்துவிட்டால் பள்ளங்களும் மலைகளும் தெரிகிற நல்ல படம் அது.

கைபேசியின் முதன்மைக் கேமரா பொதுவாக 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அதில் 4000 பிக்சல் அகலப் படத்தில் நிலவுக்குக் கிடைப்பது வெறும் 26 பிக்சல். இரண்டு விரலால் திரையில் பெரிதாக்கினால் அந்த 26 பிக்சலைத்தான் ஊதிக் காட்டும். சில கைபேசிகள் நிலவு என்று அடையாளம் கண்டதும் விவரங்களைத் தாமே கூட்டிக் கூர்மையாக்கித் தருகின்றன. பார்க்க அழகாக இருக்கும்தான். ஆனால் அதில் லென்ஸ் பிடித்தது எவ்வளவு, மென்பொருள் வரைந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

நீங்கள் நிலவுக்காகவே ஒரு கேமரா தேடுகிறவர் என்றால், லென்ஸ் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் வகையைச் சொல்வேன். நிக்கான் பி900, பி1000 போன்றவை இந்த வேலைக்குப் பேர்போனவை. பி1000 முழு ஜூமில் 3000 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அந்த நிலையில் முழு நிலவு சட்டத்துக்குள் (ஃபிரேம்) அடங்காது, மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும். சென்சார் சிறியது என்பதால் மற்ற படங்களில் பெரிய கேமராக்களோடு போட்டி போட முடியாது. ஆனால் நிலவுக்கும் கோள்களுக்கும், ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டும் என்பவருக்கு, இதைவிட எளிய வழி இல்லை. ஏற்கெனவே 200 அல்லது 300 மி.மீ. லென்ஸ் கைவசம் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

வெளிச்சம்: இங்கேதான் எல்லோரும் சறுக்குவது

சுற்றிலும் இருட்டு. அதனால் கேமரா 'இது இரவுக் காட்சி' என்று முடிவுகட்டி, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கிறது. ஆனால் நிலவில் இப்போது பகல். நாம் பார்ப்பது நடுப்பகல் வெயில் அடிக்கும் பாறையை. அது ஒன்றும் வெள்ளைப் பாறையும் இல்லை. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது, பழைய தார்ச்சாலை அளவுக்கு. கறுப்பு வானத்துக்கு நடுவில் இருப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, வெயிலில் கிடக்கும் கல்லைப் படம் எடுக்க என்ன அமைப்பு வைப்பீர்களோ கிட்டத்தட்ட அதைத்தான் இங்கேயும் வைக்க வேண்டும்.

கேமராவைத் தானியங்கி முறையிலிருந்து மாற்றி மேனுவலுக்கு, அதாவது 'எம்' எழுத்துக்குத் திருப்புங்கள். முழு நிலவுக்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/11, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 விநாடி. பெரும்பாலான ஜூம் லென்ஸ்கள் எஃப்/8இல்தான் கூர்மையாக இருக்கும் என்பதால் நான் அதையே கொஞ்சம் மாற்றி எஃப்/8, ஐஎஸ்ஓ 200, 1/400 விநாடி என்று தொடங்கச் சொல்வேன். அளவு ஒன்றுதான், ஆட்டம் குறையும்.

பிறை குறையக் குறைய வெளிச்சமும் குறையும், ஆனால் நேர்க்கணக்கில் அல்ல. பாதி நிலவு என்றால் பாதி வெளிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. அரை நிலவு மொத்தமாகத் தரும் ஒளி முழு நிலவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். வெயில் சாய்வாக விழுகிறது, நிழல்கள் நீள்கின்றன. எஃப்/8, ஐஎஸ்ஓ 200 என்று வைத்துக்கொண்டால், முக்கால் நிலவுக்கு 1/200, அரை நிலவுக்கு 1/100, பிறைக்கு 1/50 அல்லது 1/30. அடிவானத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஒளி கூடுதல் காற்றைக் கடந்து வருவதால் இன்னும் ஒன்றிரண்டு படி (ஒரு படி என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டிக்கொள்ளுங்கள். இதெல்லாம் தொடக்கப் புள்ளிதான். ஒரு படம் எடுங்கள், பெரிதாக்கிப் பாருங்கள், பிரகாசமான இடத்தில் விவரம் அழிந்திருந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். ஹிஸ்டோகிராமைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அதன் வலது ஓரம் சுவரில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். கொஞ்சம் மங்கலாக எடுத்ததைப் பிறகு தூக்கிவிடலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

கைபேசியில் மேனுவல் இல்லையென்றால் நிலவின்மேல் விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஃபோக்கஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுக்க இழுக்க வெள்ளைப் பொட்டில் கறைகள் தெரியத் தொடங்கும்.

படம் எடுக்கும் வரிசை

முழு நிலவுக்கு 1/400 விநாடியே போதும் என்பதால், லென்ஸிலோ கேமராவிலோ ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி இருந்தால் கையிலேயே பிடித்து எடுத்துவிடலாம். ட்ரைபாட் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் ஃபோக்கஸைப் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டுமென்றாலும், பிறையையோ கோளையோ எடுக்க வேண்டுமென்றாலும் ட்ரைபாட் இல்லாமல் முடியாது. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கால்களை நன்றாக விரித்து, முடிந்தவரை தாழ வைத்து எடுங்கள். கேமராவை ட்ரைபாடில் பூட்டியதும் ஆட்டம் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே சில சமயம் படத்தைக் கலைத்துவிடும்.

பொத்தானை அழுத்துகிற விரலே கேமராவை ஆட்டும். 2 விநாடி டைமர் வைத்தால் அந்த ஆட்டம் அடங்கிவிடும். ரிமோட் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் லைவ் வியூ முறையில், அதாவது பின்திரையில் பார்த்து எடுங்கள், கண்ணாடி தூக்கியடிக்கும் அதிர்வும் போய்விடும்.

அப்புறம் ஃபோக்கஸ். மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கிறதே, அதில் கொண்டுபோய் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பெரும்பாலான லென்ஸ்களில் வளையம் அந்தக் குறியையும் தாண்டிச் சுழலும். சரியான புள்ளி குறிக்கு முன்னாலோ பின்னாலோ எங்கோ இருக்கும். லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கி, நிலவின் ஓரத்தையோ, ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையில் உள்ள ஒரு பள்ளத்தையோ திரையில் வையுங்கள். வளையத்தை மெல்லச் சுழற்றுங்கள். கூர்மை கூடும், உச்சத்துக்கு வரும், மறுபடி குறையத் தொடங்கும். அந்த உச்சத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி வந்தால்தான் அது உச்சம் என்று உறுதியாகும். வளையத்தைத் தொடும்போது படம் நடுங்கும். கையை எடுத்துவிட்டு நடுக்கம் நின்ற பிறகு பாருங்கள். ஆட்டோஃபோக்கஸ் நிலவைச் சரியாகவே பிடிக்கும் கேமராக்களும் உண்டு. அதில் பிடித்தபின் மேனுவலுக்கு மாற்றிவிட்டால் அது மறுபடி தேடி அலையாது. அரை மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள். இரவு குளிரக் குளிர லென்ஸ் கொஞ்சம் சுருங்கும், ஃபோக்கஸும் நகரும்.

கோப்பு வகை ரா, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிப்பது. அந்த வசதி இல்லையென்றால் மிக உயர்ந்த தர ஜேபெக். வெள்ளைச் சமன் (ஒயிட் பேலன்ஸ்) 'பகல் வெளிச்சம்'. நிலவில் விழுவது சூரிய ஒளிதானே.

ஒரே படத்தோடு நிற்காதீர்கள். 30, 40 படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். காரணம் காற்று. நமக்கும் நிலவுக்கும் நடுவே இருக்கும் காற்றுமண்டலம், ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப்போல, எல்லாவற்றையும் நெளித்துக் காட்டுகிறது. ஒரு கணம் தெளிவாக இருக்கும், மறுகணம் கலங்கும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் தெரியும் சின்னப் பள்ளம் மற்றொன்றில் காணாமல் போயிருப்பதைப் பார்க்கலாம். கேமராவின் குறை என்று பலர் நினைப்பதில் பாதி காற்றின் குறைதான். நட்சத்திரங்கள் பலமாக மினுக்கும் இரவு நெடுந்தூர வானப் படத்துக்கு ஆகாது. நிலவு உயர ஏறட்டும். பகல் முழுக்கச் சுட்ட கான்கிரீட் தளத்துக்கும் கூரைகளுக்கும் மேலாகக் குறிவைக்காதீர்கள், அங்கிருந்து சூடு எழும்பிக்கொண்டே இருக்கும். மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்கவே வேண்டாம். வீட்டுக்குள் இருந்த கேமராவை வெளியில் அரை மணி நேரம் வைத்து அதன் சூட்டை வெளிக்காற்றுக்கு இணையாக இறங்கவிட்டபின் தொடங்குங்கள். லென்ஸ் முகப்புக் குழலைப் போட்டுக்கொண்டால் பனி படிவது தள்ளிப்போகும்.

எந்த நாளில் என்ன எடுக்கலாம்

பௌர்ணமிதான் சிறந்த நாள் என்பது பொதுவான எண்ணம். பள்ளங்களையும் மலைகளையும் எடுக்க அதைவிட மோசமான நாள் இல்லை. அன்று சூரியன் நமக்குப் பின்னாலிருந்து நேராக நிலவின்மேல் அடிக்கிறது; நிழலே விழாது, எல்லாம் தட்டையாகிவிடும். ஆனால் பௌர்ணமிக்கே உரிய அழகு ஒன்று உண்டு. தெற்கே டைக்கோ என்ற பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் பாயும் வெண்கதிர்கள் அன்றுதான் முழு வீச்சில் தெரியும்.

மேடுபள்ளம் வேண்டுமென்றால் ஒளி-இருள் எல்லைக்கோட்டைப் பாருங்கள். அந்தக் கோட்டில் நிற்பவருக்கு அப்போதுதான் சூரியன் உதிக்கிறது. சிறிய மேடும் நீண்ட நிழல் போடும். அமாவாசை கழிந்து ஐந்தாறு நாளில் தியோஃபிலஸ், சிரிலஸ், கேத்தரினா என்ற மூன்று பெரிய பள்ளங்கள் வரிசையாக அந்தக் கோட்டில் வரும். தியோஃபிலஸ் 100 கி.மீ. அகலம், நடுவில் சிகரம், 300 மி.மீ. லென்ஸிலேயே தெரியும். அரை நிலவு நாளில் அபெனைன் மலைத்தொடர் வளைந்து நிற்கும். அன்றே, சில மணி நேரம் மட்டும், இருட்டுப் பக்கத்தின் ஓரமாக ஆங்கில எக்ஸ் எழுத்து ஒன்று ஒளிரும். பிளான்கினஸ், லா கேய், பர்பாக் ஆகிய பள்ளங்களின் விளிம்புகளில் மட்டும் வெயில் பட்டு உண்டாகும் காட்சி அது. பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். வளர்பிறை ஒன்பதாம் நாள் வாக்கில் 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸும், தெற்கே 230 கி.மீ. வரை விரிந்த கிளேவியஸும் வெளிச்சத்துக்கு வரும். கிளேவியஸின் தரையில் சிறிய பள்ளங்கள் அளவில் குறைந்துகொண்டே ஒரு வளைவாக அமைந்திருக்கும். உங்கள் லென்ஸ் அவற்றில் எத்தனையைப் பிரித்துக் காட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள், லென்ஸுக்கும் காற்றுக்கும் அதைவிட நல்ல சோதனை இல்லை.

மூன்றாம் பிறையை எடுக்கும்போது வேறொரு படம் காத்திருக்கிறது. பிறையின் மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியுமே, அது பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி நிலவின் இரவுப் பக்கத்தில் விழுவதால். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியனார்டோ டா வின்சி இதன் காரணத்தை எழுதிவைத்துவிட்டார். எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600, அரை முதல் ஒரு விநாடி. பிறைப் பகுதி வெளுத்துப்போகும், போகட்டும். அதைவிட நீண்ட நேரம் திறந்துவைத்தால் வானம் நகர்ந்து படம் குழம்பும். விநாடிக்கு 15 கோண விநாடி வீதம் வானம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கோண விநாடி என்பது டிகிரியில் 3600இல் ஒரு பங்கு.

கோபுரத்துக்கோ மரத்துக்கோ பக்கத்தில் பிரம்மாண்டமான நிலவு நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் மாயம் ஏதும் இல்லை, அதே 110 கணக்குதான். ஒரு பொருளிலிருந்து அதன் உயரத்தைப்போல 110 மடங்கு தூரம் விலகி நின்றால் நிலவும் அதுவும் ஒரே அளவில் தெரியும். ஓர் ஆள் நிலவுக்குள் அடங்க வேண்டுமென்றால் நீங்கள் 200 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 20 மீட்டர் கோபுரத்துக்கு 2.2 கி.மீ. நிலவு எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எழும் என்பதை ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும் என்பதையும் நினைவில் வையுங்கள். முந்தின நாள் பார்த்த நேரத்துக்குப் போய் நின்றால் நிலவு வந்திருக்காது. இந்த வகைப் படத்துக்குப் பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலையே நல்லது, நிலவு எழும்போது சூரியன் முழுக்க மறைந்திருக்காது. முன்னால் இருக்கும் கட்டடத்துக்கும் நிலவுக்கும் ஒரே எக்ஸ்போஷர் (ஒளி அளவு) ஒத்துவரும்.

கோள்கள்: எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம்

நிலவு ஏறத்தாழ 1,900 கோண விநாடி அகலம். வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதுகூட 50ஐத்தான் தொடும். சனியின் வளையங்கள் முனைக்கு முனை 40 சொச்சம். செவ்வாய் 2018 ஜூலையில் 24 வரை வந்தது. 2025 ஜனவரியில் வந்தபோது 14ஐத்தான் தாண்டியது. மற்ற மாதங்களில் அது வெறும் ஆரஞ்சுப் புள்ளி. 300 மி.மீ. லென்ஸில் வியாழனுக்குக் கிடைப்பது 18 பிக்சல்தான். அதில் பட்டைகளையும் சிவப்புப் பெரும்புள்ளியையும் தேடுவது வீண். பி1000 போன்ற சூப்பர்ஜூமில் 90 பிக்சல் வரை கிடைக்கும். இரண்டு பட்டைகள் மங்கலாகத் தெரியலாம்.

சரி, அப்படியென்றால் சாதாரண லென்ஸில் என்னதான் எடுப்பது? வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களை எடுக்கலாம். என்னைக் கேட்டால் தொடங்குபவர் எடுக்க வேண்டிய முதல் கோள் படம் அதுதான். 1610 ஜனவரியில் கலிலியோ தன் சிறிய தொலைநோக்கியில் கண்டதை இன்றைக்கு ஒரு 200 மி.மீ. லென்ஸ் காட்டிவிடும். எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600, அரை விநாடி. வியாழன் வெளுத்துப்போன உருண்டையாகும், அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் புள்ளிகள் நிற்கும். எண்ணினால் நான்கு இருக்கும், அல்லது மூன்று; மற்றொன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ மறைந்திருக்கும். மறுநாள் அதே நேரத்தில் எடுத்தால் வரிசை மாறியிருக்கும். அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும், யூரோப்பாவுக்கு மூன்றரை நாள், கானிமீடுக்கு ஒரு வாரம், கலிஸ்டோவுக்குப் பதினேழு நாள் பக்கம். தொடர்ந்து சில இரவுகள் எடுத்து, படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவைத்தால் எது எது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஒரே இரவில் இரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்தால்கூட அயோ நகர்ந்திருப்பது தெரியும்.

ஃபோக்கஸுக்கும் இந்தத் துணைக்கோள்களே உதவும். கோளின் வட்டத்தை வைத்துக் கூர்மை கண்டுபிடிப்பது சிரமம். துணைக்கோளோ, பக்கத்தில் உள்ள பிரகாசமான நட்சத்திரமோ மிகச் சிறிய புள்ளியாகச் சுருங்கும் இடத்தில் வளையத்தை நிறுத்துங்கள்.

வியாழனின் வட்டத்தையே எடுப்பதென்றால் எக்ஸ்போஷரை நன்றாகக் குறைக்க வேண்டும்: எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400, 1/125 முதல் 1/250 விநாடி. சனி இன்னும் தள்ளி இருப்பதால் மங்கல், அதே அமைப்பில் 1/60 வாக்கில் தொடங்கலாம். சனியில் சூப்பர்ஜூம் காட்டுவது இருபுறமும் காது முளைத்த முட்டை வடிவம். கலிலியோவுக்கும் அப்படித்தான் தெரிந்தது, என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. அது வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் சொல்ல 1650கள் வரை ஆயிற்று. 2025இல் வளையங்கள் பக்கவாட்டில் திரும்பி வெறும் கோடாகிவிட்டன. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் அகலத் திறந்து நிற்கும்.

வெள்ளி எல்லாவற்றையும்விடப் பிரகாசம். இருட்டிய பிறகு எடுத்தால் கண் கூசும் பொட்டுதான் விழும். அந்தி வெளிச்சம் மீதமிருக்கும்போதே எடுங்கள், எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 1/1000 விநாடி. பூமிக்கு அருகில் வரும் வாரங்களில் வெள்ளி 50, 60 கோண விநாடி அளவுக்குப் பெருத்து, நிலவைப்போல மெல்லிய பிறையாகும். 300 மி.மீ. லென்ஸிலேயே அந்தப் பிறை சின்னதாகப் பதிவாகும். இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம். வெள்ளியும் புதனும் சூரியனுக்குப் பக்கத்திலேயே திரிபவை. மாலையில் சூரியன் முழுக்க மறைந்த பிறகே கேமராவை அந்தத் திசைக்குத் திருப்புங்கள். விடியலில் சூரியன் எழும் முன்பே மூடிவிடுங்கள். நீண்ட லென்ஸ் வழியாகச் சூரியன் ஒரு நொடி பட்டாலும் கண்ணுக்கு மீள முடியாத கேடு, சென்சாரும் கருகும்.

இரண்டு கோள்கள் நெருங்கி வரும் நாட்களும், நிலவு ஒரு கோளுக்குப் பக்கத்தில் வரும் நாட்களும் சாதாரண லென்ஸுக்கென்றே வருபவை. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளிக்கு நெருங்கின. 300 மி.மீ. லென்ஸ் வைத்திருந்தவர்கள் வியாழன், அதன் துணைக்கோள்கள், சனி எல்லாவற்றையும் ஒரே படத்தில் பிடித்தார்கள். இத்தனை நெருக்கம் அபூர்வம், ஆனால் ஒன்றிரண்டு டிகிரிக்குள் வருவது அடிக்கடி நடக்கும்.

வீடியோ எடுத்து அடுக்குவது

கோள்களின் விவரம் வேண்டும் என்றால் ஒற்றைப் படத்தை மறந்துவிடுங்கள். வீடியோ எடுங்கள். விநாடிக்கு 30 சட்டம் என்றால் ஒரு நிமிடத்தில் 1,800 படம். காற்று அடங்கிய கணங்கள் அதற்குள் எங்கோ சிதறிக் கிடக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் குறையும், கூர்மை கூடும்.

ட்ரைபாடில் நிற்கும் கேமராவில் கோள் நிற்காமல் ஓடும். பி1000இன் முழு ஜூமில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதைத் துரத்தாதீர்கள். முதலில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். பிறகு எதிர் ஓரத்தில் கோளை வைத்து, கையை எடுத்து, பதிவைத் தொடங்கி, அதன்போக்கில் கடக்க விடுங்கள். ஓரத்தை எட்டியதும் நிறுத்தி மறுபடி தொடங்கலாம். ஒரு வீடியோ மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வியாழன் 10 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதிகம் நீட்டினால் அதன் முகமே திரும்பிவிடும்.

கணினியில் மூன்று இலவச மென்பொருட்கள் போதும்: பிப் (PIPP), ஆட்டோஸ்டேக்கர்ட் (AutoStakkert), ரெஜிஸ்டாக்ஸ் (RegiStax). வீடியோவைப் பிப்பில் போட்டால் ஓடும் கோளைச் சட்டத்தின் நடுவில் நிறுத்திச் சுற்றியுள்ள கறுப்பை வெட்டித் தரும். அதை ஆட்டோஸ்டேக்கர்ட்டில் திறந்தால், சட்டங்களைத் தர வரிசைப்படுத்தி ஒரு கோட்டுப்படம் காட்டும். அதில் மேல் 20 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்து அடுக்கச் சொல்லுங்கள். காற்று மோசமாக இருந்த இரவென்றால் 10 போதும். வெளிவரும் படம் மங்கலாக, ஏமாற்றமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், விவரம் உள்ளே இருக்கிறது. ரெஜிஸ்டாக்ஸில் வேவ்லெட் என்ற பகுதிக்குப் போய் முதல் இரண்டு மூன்று ஸ்லைடர்களை மெல்ல நகர்த்தினால் பட்டைகளும் வளையங்களும் எழும்பி வரும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. கோளின் விளிம்பில் வெள்ளைக் கோடோ, உள்ளே புள்ளிப் புள்ளியான மணல்போன்ற தோற்றமோ வந்துவிட்டால் தாண்டிப் போய்விட்டீர்கள், பின்னால் வாருங்கள்.

நிலவுக்கு எடுத்த அந்த 30, 40 படங்களையும் இதே மென்பொருளில் அடுக்கலாம். அடுக்கிய நிலவுப் படத்தில் நிறச்செறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். அப்போலோ 11 இறங்கிய அமைதிக் கடல் நீலம் கலந்து தெரியும், அதை ஒட்டிய தெளிவுக் கடல் பழுப்பாகத் தெரியும். இது கற்பனை நிறம் அல்ல. அமைதிக் கடலின் எரிமலைப் பாறையில் டைட்டானியம் அதிகம்.

தொலைநோக்கி கிடைத்தால்

நண்பரிடமோ வானவியல் குழுவிடமோ ஒரு சிறிய தொலைநோக்கி இருந்தால் கைபேசியே போதும். குறைந்த உருப்பெருக்கம் தரும் கண்லென்ஸைப் போட்டு, முதலில் உங்கள் கண்ணால் ஃபோக்கஸ் செய்யுங்கள். பிறகு கைபேசியின் முதன்மைக் கேமராவை மட்டும் கண்லென்ஸின் மையத்துக்கு நேராக, ஒரு விரல் இடைவெளியில் பிடித்து மெல்ல நெருக்குங்கள். திரையில் சிறிய ஒளிவட்டம் தோன்றும். இங்கும் அங்கும் நகர்த்தினால் அது விரிந்து திரையை நிரப்பும். கையில் பிடிப்பது கடினம் என்பதால் இதற்கென விற்கும் கைபேசித் தாங்கி வாங்கிக்கொள்ளலாம். 8 மடங்கு பைனாகுலரை ட்ரைபாடில் பூட்டி இதே வேலையைச் செய்தால் நிலவு 26 பிக்சலிலிருந்து 200 பிக்சலுக்கு வந்துவிடும்.

லென்ஸ் கழற்றும் கேமரா என்றால் டி-வளையம் ஒன்று வேண்டும். உங்கள் கேமரா மவுண்ட்டுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதோடு கண்லென்ஸ் இருக்கும் இடத்தில் செருகும் மூக்குக் குழாய் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் தொலைநோக்கியே உங்கள் லென்ஸ். 1000 மி.மீ. குவியத் தூரம் கொண்டதில் நிலவு 9 மி.மீ. அகலத்தில் விழும், சட்டத்தின் உயரத்தில் பாதி வாக்கில். சில நியூட்டோனியன் (லென்ஸுக்குப் பதில் குழியாடி கொண்ட) தொலைநோக்கிகளில் குழாயை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் ஃபோக்கஸ் கிடைக்காது. குவியும் புள்ளி கேமராவின் சென்சார் வரை எட்டாததுதான் காரணம், தொலைநோக்கி கெட்டுப்போகவில்லை. நடுவில் ஒரு 2 மடங்கு பார்லோ லென்ஸைச் செருகினால் அந்தப் புள்ளி வெளியே தள்ளப்பட்டுச் சென்சாரில் வந்து விழும், கோளும் இரட்டிப்பாகப் பெரிதாகும்.